பட்டாளத்து வீட்டுச் சிநேகிதம்: சொந்த ஊரில் ஏன் தனிமை கூடுகிறது?

2025 மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியபோது, லீவில் ஊருக்கு வந்திருந்த ராணுவ வீரர்கள் பலர் பாதியிலேயே கிளம்பிப் போனார்கள். மே 10 அன்று சண்டை நிறுத்தம் வரும்வரை டிவி அணையாத வீடுகள் ஏராளம். அந்த நாலு நாளும் ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி என்று சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மிலிட்டரிக்காரர் மனைவிகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பச் சந்தித்திருப்பார்கள்: "உங்க வீட்டுக்காரரு இப்ப எங்கெ இருக்காருங்க?" அந்தப் பெண் "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டால் பெருமை பிடித்தவர் என்று ஒரு பேர். கண் கலங்கினால் தைரியம் இல்லாதவர் என்று இன்னொரு பேர்.

சண்டை இல்லாத நாளிலும் இதே கதைதான். "அவ யாரோடயும் ஒட்ட மாட்டா", "ரெண்டு வருஷம் வடக்கே இருந்துட்டு வந்ததும் ஆளே மாறிட்டா" என்ற பேச்சை மிலிட்டரிக்காரர் வீடு உள்ள எந்தத் தெருவிலும் கேட்கலாம். ஒரு பெண்ணுக்கு ஊரில் நெருங்கிய சிநேகிதம் இல்லை என்றால் அவளுடைய குணத்தைக் காரணமாகச் சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் ராணுவத்தில் மாற்றல் எப்படி நடக்கிறது, குடும்பம் எப்போது கூடப் போகலாம், எப்போது போகக் கூடாது என்பதைப் புரிந்துகொண்டால், இந்தத் தனிமையின் பெரும்பகுதி அந்த ஏற்பாட்டிலிருந்தே வருகிறது என்பது தெரியும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. பீஸ் ஸ்டேஷன்: குடும்பத்தை அழைத்துப் போய் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள இடம். பெரும்பாலும் நகரத்தை ஒட்டிய ராணுவக் குடியிருப்பு.

2. ஃபீல்டு: எல்லைப் பகுதி, மலை முகடு, பதற்றமான பகுதி. குடும்பத்துக்கு இங்கே இடம் கிடையாது. ஒரு வீரரின் பணிக்காலம் பீஸ், ஃபீல்டு என்று மாறி மாறிப் போகும். ஒவ்வொன்றும் சுமாராக இரண்டு, மூன்று ஆண்டு.

3. குவார்ட்டர்ஸ்: பீஸ் ஸ்டேஷனில் கிடைக்கும் குடும்ப வீடு. போன உடனே எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பட்டியலில் பேர் ஏறி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு பீஸ் போஸ்டிங்கில் காத்திருப்பிலேயே பல மாதம் போய்விடுவது உண்டு.

4. எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ்: கணவர் ஃபீல்டுக்குப் போன காலத்தில், மனைவியும் பிள்ளைகளும் தனியாகத் தங்கிக்கொள்ளச் சில ஊர்களில் ராணுவம் ஒதுக்கும் வீடு.

5. பார்ட் டூ ஆர்டர்: திருமணம், குழந்தை பிறப்பு போன்றவற்றை வீரரின் பணிப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு. கல்யாணம் ஊரறிய நடந்திருந்தாலும், இதில் பதிவாகாத வரை ராணுவத்தின் கணக்கில் மனைவி என்று ஒருவர் இல்லை. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, அடையாள அட்டை எல்லாமே இதற்குப் பிறகுதான். புதிதாகக் கல்யாணமானவர்கள் முதல் வேலையாகத் திருமணப் பதிவுச் சான்றிதழை வாங்கிக் கணவரின் யூனிட்டுக்கு, அதாவது அவர் வேலை பார்க்கும் படைப்பிரிவுக்கு, அனுப்பிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாரையும் சேர்த்தே மிலிட்டரி என்கிறோம். அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் படைகள். மாற்றல், விடுமுறை, மருத்துவம், கேன்டீன் எல்லாவற்றுக்கும் அங்கே வேறு ஏற்பாடு. அந்த வீட்டுப் பெண்களின் தனிமையும் இதே அளவு கனமானதுதான், ஆனால் விதிமுறைகள் வேறு. இந்தக் கட்டுரை ராணுவத்தைப் பற்றியது.

யூனிட் நகர்கிறதா, ஆள் நகர்கிறாரா?

வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு வேறுபாடு இருக்கிறது. சிநேகிதத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான வேறுபாடு இல்லை என்றே நினைக்கிறேன்.

காலாட்படை பட்டாலியன் ஒன்று இடம் மாறும்போது முழு பட்டாலியனாகவே மாறும். 1758இல் தொடங்கிய பழைமை கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டை எடுத்துக்கொள்வோம். அதன் மையம் நீலகிரியில் வெலிங்டன். அதில் சேர்கிற ஒருவர் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஒரே பட்டாலியனில் கழிப்பார். அவருடைய மனைவி ஒரு பீஸ் ஸ்டேஷனில் பழகிய அதே பெண்களை, நாலைந்து ஆண்டு கழித்து, வேறொரு மாநிலத்தில் அடுத்த பீஸ் ஸ்டேஷனில் மறுபடியும் பார்க்க வாய்ப்பு உண்டு. அக்கம்பக்கத்தில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். பெங்களூரில் மையம் கொண்ட மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பும் தென்னிந்தியர்கள் நிறைந்த படைதான். அந்த வீரர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்ற நம் சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), இ.எம்.இ. (ஆயுதம், வாகனப் பராமரிப்பு), ஆர்மி சர்வீஸ் கோர் (உணவு, பொருள் வழங்கல்) போன்ற பிரிவுகளில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக மாற்றலாவார்கள். இந்த ஆண்டு உங்கள் கணவர் ஜபல்பூர் போகிறார் என்றால் அடுத்த வீட்டுக்காரர் ஜோத்பூர் போவார். மூன்று ஆண்டு ஒன்றாகக் கோலம் போட்டவர்கள் ஒரே மாதத்தில் எட்டுத் திசைக்குப் பிரிவார்கள். விமானப்படையிலும் பெரும்பாலும் இப்படித்தான். கடற்படையில் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி என்று தளங்கள் குறைவு. கப்பல் கணவரைக் கொண்டுபோனாலும் மனைவி அதே ஊரில், அதே தோழிகளுக்கு நடுவில் இருக்க முடியும்.

ஆகவே ஒரு மிலிட்டரிக்காரர் மனைவிக்கு ஏன் சிநேகிதம் நிலைக்கவில்லை என்று கேட்பதற்கு முன்னால், கணவர் எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு சிநேகிதத்துக்கு எத்தனை மணி நேரம்?

நட்பு தானாக அமையும் என்கிறோம். அதற்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாற சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கண்டார். நண்பர் என்று மனதாரச் சொல்ல சுமார் 90 மணி. நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். அமெரிக்காவில் எடுத்த கணக்கு என்பதால் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெருக்கத்துக்கு நேரம்தான் முதலீடு என்பதில் நமக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

அதற்கும் முன்னால், 1950இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மணமான மாணவர்களின் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்தார்கள். அங்கே இருந்தவர்களில் நிறையப் பேர் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுடைய மனைவிகளும். யார் யாருக்கு நண்பரானார்கள் என்று பார்த்தால், குணமோ ரசனையோ அல்ல, யாருடைய கதவு யாருடைய கதவுக்குப் பக்கத்தில் என்பதுதான் அதிகம் தீர்மானித்திருந்தது. மாடிப்படி ஓரத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் அதிகம். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்? குழாயடிப் பழக்கம் என்று நாம் சொல்வதும் இதுதான்.

சரி, இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்துக் கதவு, திரும்பத் திரும்பச் சந்திப்பு, இருநூறு மணி நேரம். தினமும் மாலையில் அரை மணி பேசினால் நெருங்கிய சிநேகிதிக்கு நானூறு நாள் ஆகும். இரண்டு ஆண்டு போஸ்டிங்கில் குவார்ட்டர்ஸ் கிடைக்க ஆறு மாதம் போய்விட்டால் மிச்சம் ஒன்றரை ஆண்டு. சிநேகிதம் பழுத்து முடிக்கும் நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். அடுத்த ஊரில் மறுபடி முதல் மணியிலிருந்து எண்ண வேண்டும்.

குவார்ட்டர்ஸில் எப்படி நடக்கிறது

இருந்தாலும் குவார்ட்டர்ஸில் சிநேகிதம் வேகமாக அமைகிறது. அது தற்செயல் அல்ல, அந்த வாழ்க்கையே அப்படி.

எல்லாரும் வெளியூர்க்காரர்கள். எல்லாருக்கும் மாமியார் வீடு ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில். எல்லா வீட்டிலும் அதே கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், பேர், யூனிட். இரண்டு பெட்டியை ஒட்டி வைத்து, மேலே மெத்தையும் பூப்போட்ட விரிப்பும் போட்டால் திவான். விருந்தாளி வந்தால் அதில்தான் உட்கார வைப்பார்கள். உட்காரும் பெண்ணுக்கும் தெரியும், தன் வீட்டிலும் அதே திவான்தான் என்று. யாரும் யாருக்கும் எதையும் விளக்கத் தேவையில்லாத இடம் அது.

ஒருவரை ஒருவர் 'பாபி' என்று அழைப்பார்கள். வடக்கே பாபி என்றால் அண்ணி. யூனிட்டில் ஆண்கள் எல்லாரும் அண்ணன் தம்பி என்பது வழக்கு. ஆகவே கூட வேலை பார்ப்பவரின் மனைவி பாபி. ஓமலூரிலிருந்து போன இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு முதல் வாரத்தில் ஹிந்தியில் இந்த ஒரு சொல்தான் தெரியும். அது போதுமானதாக இருக்கிறது. பஞ்சாபிப் பெண் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் கொண்டுவருவார். நம் பெண் ஒரு டப்பா தோசை மாவைக் கொடுத்தனுப்புவார். மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, கெட்டுப்போய்விட்டதா என்று அவர் ஓடிவந்து கேட்பார். அந்தச் சிரிப்பில் மொழி பாதி வந்துவிடும்.

இதற்கு மேல் ராணுவமே கூட்டும் கூட்டங்கள் உண்டு. ராணுவ வீரர் மனைவியர் நலச் சங்கம் 1966இல் தொடங்கியது. ஆவா என்பார்கள். யூனிட் அளவில் குடும்பநலக் கூட்டங்கள் நடக்கும், தையல் வகுப்பு, கணினி வகுப்பு, பிள்ளைகளுக்குப் போட்டிகள் இருக்கும். யூனிட்டின் பெரிய நாள்களில் பரக்கானா என்னும் கூட்டு விருந்து. குடும்பத்தோடு போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதிகாரிகள், ஜே.சி.ஓ.க்கள் (அதிகாரிக்கும் ஜவானுக்கும் இடைப்பட்ட பதவியில் இருப்பவர்கள்), ஜவான்கள் என்று குடியிருப்புகள் தனித்தனி. கணவரின் பதவி மனைவியின் தோளிலும் ஏறிக்கொள்கிறது. நலக் கூட்டத்தில் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்பதில் அது தெரியும். சட்டப்படி எந்த மனைவிக்கும் ராங்க் கிடையாது. இந்த வழக்கத்தால் நல்ல சிநேகிதங்கள் எத்தனையோ தொடங்காமலே போகின்றன, இது மாற வேண்டும் என்பது என் கருத்து.

சேலம் ஏன் கடினமான இடம்

தமிழ்நாட்டில் கண்டோன்மென்ட் போர்டு உள்ள இடங்கள் இரண்டு: பரங்கிமலை, வெலிங்டன். சூலூர், தாம்பரம், தஞ்சாவூரில் விமானப்படைத் தளங்கள். சேலத்தில் அப்படி எதுவும் இல்லை. இங்கே ரயில் ஜங்ஷன் உண்டு, இரும்பாலை உண்டு, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் உண்டு. பட்டாளம் என்பது தனித்தனி வீடாகச் சிதறிக் கிடக்கிறது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு எதிர் வீட்டிலேயே இன்னொரு மிலிட்டரிக்காரர் மனைவி இருப்பார். சேலத்தில் அடுத்த மிலிட்டரிக்காரர் வீடு நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கலாம், அது இருப்பதே தெரியாமலும் இருக்கலாம்.

கணவர் ஃபீல்டுக்குப் போனதும் பெரும்பாலான பெண்கள் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸைத் தேடாமல் ஊருக்கே திரும்புகிறார்கள். வயதான மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாடகைச் செலவில்லை, சொந்தபந்தம் இருக்கிறது என்பது காரணம். சொந்தபந்தம் இருக்கும் இடத்தில் தனிமை எங்கிருந்து வருகிறது?

1. நேரம் மோதுகிறது. ஊரில் பெண்கள் சாவகாசமாக வாசலில் உட்காரும் நேரம் மாலை ஆறிலிருந்து எட்டு. ஃபீல்டில் இருப்பவருக்கு போன் பேச வாய்க்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே. இன்றைக்கு சிக்னல் இருக்குமா, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று எதுவும் நிச்சயமில்லை. நாத்தனாரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கை போனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். மணி அடித்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவார். மூன்று நிமிஷத்தில் லைன் கட்டாகும். மறுபடி வரும் என்று அங்கேயே நிற்பார். கீழே வந்து பார்த்தால் வாசலில் போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் போயிருப்பார்கள். வாரத்துக்கு நாலு நாள் இப்படி நடந்தால் ஐம்பது மணி நேரம் எப்போது சேரும்?

2. ஊர்க்கண். இதை நாம் நேராகப் பேச வேண்டும். புருஷன் ஊரில் இல்லாத பெண் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று கணக்கு வைக்கும் பழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. குவார்ட்டர்ஸில் தனியாகக் கடைக்குப் போய், பள்ளிக்கூடம் போய், பாங்க் வேலை முடித்து வந்த பெண், இங்கே சேலம் அஞ்சு ரோட்டுக்குப் போய்வரக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் பல பேர் வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

3. லீவும் குறுக்கிடுகிறது. நிரந்தரப் பணியில் உள்ள ஒரு ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுமுறை, 30 நாள் கேஷுவல் லீவ் உண்டு. இரண்டு மூன்று தவணையாக எடுப்பார். சேலம் வழியாகப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு போய்ச் சேர ஏறத்தாழ இரண்டரை நாள். அவர் வந்துவிட்டால் அந்த முப்பது நாளும் குலதெய்வம், கல்யாண வீடு, நிலப் பத்திரம், பிள்ளைக்குக் காதுகுத்து என்று பறக்கும். கஷ்டப்பட்டுப் பிடித்த சிநேகிதியின் கண்ணில் மனைவி ஒரு மாதம் படவே மாட்டார். கணவர் ரயிலேறிய பிறகு திரும்பிப் போய்ப் பேசத் தயக்கம் வந்துவிடும். "வீட்டுக்காரர் இருந்தா நம்மள மறந்துடுவா" என்ற பேச்சு அதற்குள் ஒரு சுற்று வந்திருக்கும்.

4. சொல்ல முடியாத விஷயங்கள். நெருக்கம் என்பதே மனசில் இருப்பதைச் சொல்வதுதான். இவருக்கோ கணவர் எங்கே, யூனிட் எப்போது நகர்கிறது, எப்போது வருவார் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று அறிவுறுத்தல் உண்டு. 2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 26 அன்று, படை நகர்வை நேரலையில் காட்ட வேண்டாம் என்று ஊடகங்களுக்கே மத்திய அரசு அறிவுறுத்தியது. டிவிக்கே அப்படி என்றால் வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? "தெரியலைங்க" என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கவனம்.

5. கேன்டீன், அதாவது படைக்காரர் குடும்பத்துக்குச் சலுகை விலையில் பொருள் தரும் ராணுவக் கடை. "ஒரு குக்கர் எடுத்துக் குடும்மா" என்று தொடங்கி, பாட்டில் வரை வந்து நிற்கும். கேன்டீன் கார்டில் மாத அளவு உண்டு, அடுத்தவருக்கு வாங்கி விற்பது விதிமீறல். மறுத்தால் பகை, கொடுத்தால் தலைவலி. பேச வருகிறவர் சிநேகிதத்துக்கு வருகிறாரா, கார்டுக்கு வருகிறாரா என்று சந்தேகிக்க வேண்டிய நிலைமை பாவம்.

ஏற்காட்டு மலையில்

மேலே சொன்ன எல்லாம் மலையில் ஒரு மடங்கு கூடும். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு டவுனைத் தாண்டி காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள சிற்றூர்களில் சிக்னல் பிடிக்க ஒரு குறிப்பிட்ட பாறையையோ மேட்டையோ தேடிப் போக வேண்டிய இடங்கள் உண்டு. கணவர் இருக்கும் மலையிலும் சிக்னல் கிடையாது, மனைவி இருக்கும் மலையிலும் கிடையாது. கேன்டீன், முன்னாள் படைவீரர் நல அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கீழே சேலத்தில். காலையில் இறங்கி, வேலை முடித்து, பஸ் பிடித்து மேலே ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மலையூர் கீழே உள்ள நகரைவிட மேல். தோட்டத்தில் காப்பி பறிக்கும் காலத்தில் பெண்கள் வரிசையாக நின்று ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஒன்றாக இருக்கிறார்கள். இருநூறு மணி ஒரு மாதத்தில் சேர்ந்துவிடும். அங்கே வேலைக்குப் போகும் மிலிட்டரிக்காரர் மனைவி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீட்டில் தனியாக இருப்பவரைவிட உள்ளபடியே துணையோடு இருக்கிறார்.

இருந்தும் இல்லாதவர்

தனிமை என்ற சொல் மட்டும் இந்த நிலைமைக்குப் போதாது. அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது ஒரு கருத்தை உருவாக்கினார். தமிழில் அதை 'தெளிவற்ற இழப்பு' என்று சொல்லலாம். ஆள் இறந்துவிடவில்லை, ஆனால் அருகிலும் இல்லை. மனசில் முழுதாக இருக்கிறார், வீட்டில் இல்லை. துக்கம் கொண்டாடவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஃபீல்டில் இருப்பவர் காணாமல்போனவர் அல்ல, ஆனால் இதன் லேசான வடிவம் ஒன்று அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டிருக்கும்.

சுமங்கலிப் பெண்ணாக எல்லா விசேஷத்துக்கும் அழைப்பு வரும். ஆனால் ஜோடியாக நிற்க வேண்டிய இடத்தில் தனியாக நிற்க வேண்டும். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்காட்ட ஆள் இல்லை. சுற்றி இருப்பவர்கள் அவருக்குத் துக்கம் இருப்பதாகவே நினைப்பதில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது, லீவில் ஆள் வருகிறார், வேறென்ன குறை என்பார்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது சாதாரண ஏக்கம் இல்லை. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

எது வேலை செய்யும்?

"நாலு பேரோட பழகுங்க" என்ற அறிவுரையால் பயன் இல்லை. பக்கம், திரும்பத் திரும்ப, நேரம் என்ற மூன்றையும் தானாகக் கொண்டுவரும் ஏற்பாடு எதுவோ அதுதான் பயன்படும்.

1. கிழமை தவறாத ஒன்று. தையல் வகுப்பு, டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி, பாட்டு, யோகா, எதுவானாலும் சரி, அதே நாள், அதே முகங்கள் என்று இருக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழு இதற்கென்றே செய்துவைத்தது போன்றது. 1989இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்து 1990களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு வந்த திட்டம் அது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள், குறித்த நாளில் கூட்டம், கணக்கு, சேமிப்பு. வாரம் ஒரு மணி என்றால் ஓராண்டில் ஐம்பது மணி. ஒரு சிக்கல் உண்டு: இரண்டு ஆண்டில் கிளம்பிப் போகக்கூடியவரைக் கடன் பொறுப்பில் சேர்க்கக் குழு தயங்கும். அதை முதலிலேயே பேசிவிட்டு, சேமிப்பில் மட்டுமாவது சேரக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த, பாங்க் வேலை பழகிய பெண் குழுவுக்கு எவ்வளவு உதவி என்பது சீக்கிரமே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

2. ஓய்வுபெற்றவரின் மனைவி. எனக்குத் தெரிந்து இதுதான் அதிகம் கண்டுகொள்ளப்படாத வழி. பதினேழு, இருபது ஆண்டு இதே வாழ்க்கையை வாழ்ந்து முடித்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் எதையும் விளக்கத் தேவையில்லை. குவார்ட்டர்ஸ் சிநேகிதிக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு உண்டு: இவர்களுக்கு இனி மாற்றல் கிடையாது. கேன்டீன் வரிசையில் பையோடு நிற்கும் அந்த அக்காவிடம் "அண்ணன் எந்த ரெஜிமென்ட்டுங்க்கா?" என்று கேட்டால் போதும், வரிசை நகர்வதற்குள் பாதி இந்தியாவைச் சுற்றிவந்துவிடலாம்.

3. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பேரைப் பார்த்து, ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பணியில் இருப்பவரின் குடும்பமும் போகலாம். நிலத் தகராறு, சான்றிதழ், பிள்ளைகளின் படிப்பு என்று எதற்கும் மனு கொடுக்கலாம். கலெக்டர் தலைமையில் நடக்கும் சிறப்புக் குறைதீர் கூட்டத்துக்கு வரும் பெண்களும் இவரைப் போன்றவர்கள்தான்.

4. பழைய குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேற வேண்டாம். தினமும் பேசாத அறிமுகங்கள் எதற்கு என்று தோன்றும். 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. புதிய தகவல் நம் நெருங்கிய வட்டத்திலிருந்து வருவதைவிடத் தூரத்து அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. அடுத்த போஸ்டிங் ஜலந்தர் என்று தெரிந்ததும் அங்கே எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது, குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்லப்போவது அந்தக் குழுவில் உள்ள ஏதோ ஒரு பாபிதான்.

பிள்ளைகளின் பள்ளி பற்றி ஒரு வார்த்தை. 1963இல், ராணுவ ஊர்களில் இருந்த இருபது ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்துதான் கேந்திரிய வித்யாலயா வளர்ந்தது. மாற்றலாகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகவே வந்த பள்ளி என்பதால், அதன் வாசலில் மதியம் காத்திருக்கும் அம்மாக்களில் வெளியூர் அனுபவம் உள்ளவர்கள் அதிகம். அந்தப் பத்து நிமிஷம் வீணில்லை.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எங்கெ இருக்காரு?" என்று கேட்காதீர்கள். "போன் வந்துச்சா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்கு அவர் காலையிலிருந்து காத்திருப்பார். மொட்டைமாடிக்கு ஓடினால் பாயைச் சுருட்டாமல் இன்னும் கால் மணி உட்கார்ந்திருங்கள்.

அவர் திரும்பி வந்த பிறகு

பதினைந்து ஆண்டு பணி முடித்த ஜவானுக்குப் பென்ஷன் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் பலரும் நாற்பதை ஒட்டி வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அதுவரை மனைவிக்கு இருந்த பிரச்சினை அன்றைக்குக் கணவர் பக்கம் மாறுகிறது. கூடப் படித்தவர்கள் திருப்பூர், பெங்களூர் என்று போயிருப்பார்கள். தெருவில் பாதி வீடு புதுசு. அவருடைய இருபது ஆண்டுச் சிநேகிதம் முழுக்கத் தேனியிலும் சாங்லியிலும் கோட்டயத்திலும் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார்.

இத்தனை ஆண்டில் மனைவி மெல்ல மெல்லச் சேர்த்த ஐம்பது மணிகளும் நூறு மணிகளும் இப்போது அந்த வீட்டுக்கே கைகொடுக்கின்றன. குழுவில் உள்ள பெண்களின் கணவர்கள், பள்ளிக்கூட வாசலில் பழகிய குடும்பங்கள், கேன்டீன் வரிசையில் கிடைத்த அக்காவின் வீட்டு அண்ணன் என்று ஒவ்வொருவராக அவருக்கு அறிமுகமாகிறார்கள். ரேஷன் கடையில் முதல் தடவை பையோடு போய் நிற்கும்போது யாருக்கும் அவரைத் தெரியாது. மனைவியின் பேரைச் சொன்னதும்தான் வரிசையில் இருந்து ஒரு குரல் வரும்: "அட, அவங்க வீட்டுக்காரரா? வாங்க, வாங்க, இப்படி முன்னாடி வாங்க."